பாம்பைக் கயிறென்பது

1

வேதாந்தம் படித்தவர்களுக்குப் பாம்பு என்றால் உடனே ஞாபகம் வருவது கயிறு. மங்கிய வெளிச்சத்தில் கிடக்கிற கயிறு பாம்பாகத் தெரிகிறது. விளக்கைக் கொண்டுவந்ததும் பாம்பு போய்விடுகிறது, கயிறு மிஞ்சுகிறது. உலகம் தோற்றம் என்பதற்கு ஆயிரம் வருஷத்துக்கு மேலாகச் சொல்லப்பட்டு வரும் உதாரணம் இது. கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால் இதிலுள்ள ஒரு விசித்திரம் நம் கண்ணில் படுவதில்லை. இந்த உதாரணத்தில் பாம்பு என்பது அறிவு வந்ததும் காணாமல் போக வேண்டிய ஒன்று. விளக்கு வந்த பிறகும் பாம்பு அங்கேயே கிடந்தால் என்ன செய்வது என்று தத்துவம் சொல்லவில்லை.

என் அம்மா இதைத் தலைகீழாகச் செய்வாள். இருபத்திரண்டு வருஷம் போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எடுக்கப் போனவள். விடியுமுன் முந்தல் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டுக்கு அந்தப்புறம் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டங்களில் இறங்கி, இருட்டும்போது திரும்பி வருவாள். தோட்டத்தில் பாம்பைக் கண்டால் பாம்பு என்று சொல்லமாட்டாள். "கயிறு கெடக்கு" என்பாள். வீட்டிலும் விளக்கு வைத்த பிறகு அந்தச் சொல் அவள் வாயில் வராது, 'பூச்சி' என்பாள். தத்துவவாதி கயிற்றைப் பார்த்துப் பாம்பென்று நினைக்கிறான். அம்மா பாம்பைப் பார்த்து, பாம்பென்று நன்றாகத் தெரிந்தே, கயிறென்கிறாள். முதலாவதற்கு மயக்கம் என்று பெயர். இரண்டாவதற்கு என்ன பெயர்? மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டு மேலே போகலாம். ஆங்கில இலக்கியம் பி.ஏ. படித்துக்கொண்டிருந்த நாளில் அவள் முகத்துக்கு நேராகவே அப்படிச் சொல்லியிருக்கிறேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை.

ஊர்வன பற்றிய நம்பிக்கைகளுக்கு நம் பத்திரிகையில் என்ன இடம் என்று நண்பர்கள் கேட்கலாம். நம் இதழ்களில் பாம்பு ஊராத இதழ் குறைவு. காமத்துக்குப் பாம்பு, காலத்துக்குப் பாம்பு, மரணத்துக்கும் அதுவே. உங்கள் கவிதையில் வரும் பாம்பு எந்த இனம் என்று ஒரு கவிஞ நண்பரை ஒருமுறை கேட்டேன். சிரித்தார். அது சிரிப்புக்குரிய கேள்வி இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

எங்கள் பக்கத்து நம்பிக்கைகள் சிலவற்றை வரிசைப்படுத்திப் பார்க்கிறேன்.

ராமருக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொண்டுவந்ததாம். ஓணான் மூத்திரத்தைக் கொடுத்ததாம். அதனால் அணிலுக்கு முதுகில் மூன்று கோடு, ஓணானுக்குக் கல்லடி. பள்ளிக்கூட நாட்களில் ஈர்க்கில் சுருக்குப் போட்டு ஓணான் பிடித்து, அதன் வாயில் மூக்குப்பொடியைத் திணித்து ஆடவிட்டிருக்கிறோம். அப்போது எங்களில் யாருக்கும் ராமரின் ஞாபகம் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஆனால் யாராவது பெரியவர் அதட்டினால் பதில் சொல்ல ராமர் கைவசம் இருந்தார். நம்பிக்கை கொல்லத் தூண்டுகிறது என்பதைவிட, கொன்றதற்கு ரசீது தருகிறது என்பது சரியாக இருக்கும்.

கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரக்கொம்பில் ஏறி, சுடுகாட்டில் புகை கிளம்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் என்பார்கள். விஷமே இல்லாத, தவளையும் ஓணானும் தின்று மரத்தில் காலம் கழிக்கிற பாம்பு அது. மரத்தில் ஏறியதுதான் அதன் குற்றம். பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும். அதே பச்சைப் பாம்பைப் பிடித்து மூன்று தரம் கையால் உருவிவிட்டால் அந்தப் பெண்ணின் சமையல் மணக்கும். அரணை நக்கினால் மரணம். ஆனால் அது கடிக்க வந்து, வந்த காரியத்தை மறந்து திரும்பிவிடும், அதனால்தான் நாமெல்லாம் உயிரோடிருக்கிறோம். இந்தக் கடைசி நம்பிக்கையின் கட்டுமானத்தை நான் வெகுநாள் ரசித்திருக்கிறேன். இந்தியாவில் விஷமுள்ள பல்லியோ அரணையோ ஓணானோ கிடையாது. அரணை கடித்து யாரும் செத்ததில்லை. அந்த அனுபவம் நம்பிக்கையை உடைத்திருக்க வேண்டும். ஆனால் தன்னைப் பொய்யாக்கக்கூடிய அனுபவத்தையும் நம்பிக்கை முன்கூட்டியே விழுங்கி, 'மறதி' என்று பெயர் வைத்து ஜீரணித்துவிட்டது. நம் விமர்சனக் கோட்பாடுகள் சிலவும் இப்படிப்பட்டவைதான்.

சாரையும் நாகமும் பிணைகின்றன என்பார்கள். மேலே புதுத்துணி போர்த்தி எடுத்து வைத்தால் செல்வம் சேரும். உண்மையில் அவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். பிணையவில்லை, பெட்டைக்காக மல்லுக்கட்டுகின்றன. நல்ல பாம்புக்குப் புற்று, பால், முட்டை. அதைக் கொல்லக்கூடாது. தவறிக் கொன்றால் பால் ஊற்றி, காசு வைத்து, மனிதனுக்குச் செய்வதுபோல் எரிக்க வேண்டும். ஆனால் அடிபட்டுத் தப்பிய பாம்பை விடவே கூடாது. அடித்தவன் முகத்தைக் கண்ணில் பதித்து வைத்துப் பழிவாங்கும். 1979ல் வந்த 'நீயா?' படத்துக்கு இந்த ஊரில் விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது. ஒரே நம்பிக்கை முதல் அடியைத் தடுக்கிறது. இரண்டாவது அடியைக் கட்டாயமாக்குகிறது.

பல்லியின் நிலைமை பரவாயில்லை. அது விழுந்தாலும் கத்தினாலும் பஞ்சாங்கத்தில் பலன் உண்டு. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோவிலில் தங்கமும் வெள்ளியுமாக அதற்குத் தனி மரியாதை. வீட்டுக்கு வீடு அது பிழைத்துக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் சாம்பாரில் விழுந்துவிட்டால் அதே பல்லி கொடிய விஷமாகி, பந்தியே ஆஸ்பத்திரிக்கு ஓடும்.

ஆமையை நான் தனியாகச் சொல்ல வேண்டும். "ஆமை புகுந்த வீடும் அமீனா நுழைந்த வீடும் உருப்படாது." வங்கியில் குமாஸ்தா வேலை பார்ப்பவன் இந்தப் பழமொழியின் இரண்டாம் பாதியைச் சேர்ந்தவன். ஏலக்காய் விலை விழுந்த வருஷங்களில் நோட்டீஸ்கள் தயாரித்திருக்கிறேன். ஆமையோடு என்னை ஜோடி சேர்ப்பதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தப்பட வேண்டியது ஆமைதான். அமீனா ஒரு வீட்டைத் தேடிக்கொண்டு வருகிறான். ஆமை அந்த வழியாகப் போகிறது, அவ்வளவுதான். இருந்தாலும் இந்தப் பழமொழி ஆமையைக் காப்பாற்றித்தான் வந்திருக்கிறது. அபசகுனத்தை யாரும் பிடித்து வீட்டில் வளர்க்கமாட்டார்கள். இப்போது போடியில் கடைகளின் கல்லாப் பெட்டி மேல் ஒரு தட்டில் தண்ணீர், அதில் ஒரு பித்தளை ஆமை. சீனத்து வாஸ்துவாம், பணம் சேருமாம். எந்த ஊர்வலமும் சீர்திருத்தமும் இல்லாமல், பத்திருபது வருஷத்தில் அபசகுனம் அதிர்ஷ்டமாகிவிட்டது. பித்தளையோடு நின்றால் சரி. நட்சத்திர ஆமைகளைப் பெட்டி பெட்டியாகக் கடல்கடந்து கடத்துகிறார்கள். 2019ல் அதன் சர்வதேச வியாபாரத்தை முழுக்கத் தடைசெய்ய வேண்டி வந்தது. பழைய நம்பிக்கை ஆமையைத் தள்ளி வைத்தது. புதியது பிடித்து வைக்கிறது. இரண்டிலும் ஆமையிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மண்ணுளிப் பாம்பின் கதையும் இதேதான். நக்கினால் குஷ்டம் வரும் என்று பயந்து ஒதுங்கிய பாம்பு, 'இருதலைப் பாம்பு' என்ற பெயரில் இப்போது லட்சக்கணக்கில் விலை பேசப்படுகிறது. மழுங்கிய வால் தலை மாதிரி இருப்பதற்கு மேல் அதில் ரகசியம் எதுவும் இல்லை. சில வருஷங்களுக்கு முன் ஒருவர் மனைவியின் சங்கிலியை அடகு வைக்க என் கவுண்டருக்கு வந்தார். பாம்பு ஒன்றில் நாலு பேர் பங்கு போடுவதாகவும், எடை இரண்டு கிலோ தாண்டினால் கோடி என்றும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அது ஏமாற்று என்று எனக்குத் தெரியும். சட்டப்படி குற்றம் என்றும் தெரியும். விண்ணப்பத்தில் 'காரணம்' என்ற இடத்தில் 'குடும்பச் செலவு' என்று எழுதியவன் நான்தான். சங்கிலி கடைசியில் ஏலத்துக்குப் போயிற்று. பாம்பு என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை.

3

வனவிலங்குகள் விஷயத்தில் அக்கறையுள்ள நண்பர் ஒருவர் இதற்கெல்லாம் ஒரு வழி சொல்வார். காப்பாற்றுகிற நம்பிக்கைகளை ஊக்குவிக்க வேண்டும். கொல்கிற நம்பிக்கைகளை விஞ்ஞானத்தால் போக்க வேண்டும். புற்றுக்குப் பால் ஊற்றுகிறவனிடம் பாம்பு பால் குடிக்காது என்று சொல்லாதே, கொம்பேறி மூக்கனை அடிக்கிறவனிடம் அதற்கு விஷமில்லை என்று சொல். மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்தின் சர்ப்பக் காவுகளைக் காட்டுவார். வீட்டுக் கொல்லையில் நாகத்துக்கென்று விட்ட அரை ஏக்கரில், அரிவாள் படாமல், சுற்றுவட்டாரத்தில் எங்கும் இல்லாத மரங்கள் நிற்கின்றன. எந்த வனச்சட்டம் இதைச் செய்தது என்பார்.

நியாயமான வாதம். நானும் கொஞ்ச காலம் இதை ஒப்புக்கொண்டிருந்தேன். ஆனால் இதில் ஒரு நேர்மைக் குறைவு இருக்கிறது. ஒரே மனிதனிடம் காலையில் உண்மையையும் மாலையில் பொய்யையும் அவன் நன்மைக்காக என்றுகூட இல்லாமல், நம் திட்டத்துக்காகப் பேசுகிறோம். அவனைக் குழந்தையாக வைத்துக்கொண்டால்தான் இது முடியும். இன்னொன்று: கும்பிடுகிறவன் பாம்பைக் கும்பிடவில்லை, படத்தைக் கும்பிடுகிறான். படமெடுக்காத விரியனுக்கும் சாரைக்கும் அந்தக் கருணையில் பங்கில்லை. கும்பிடப்பட்ட பாம்பின் கதியும் சொல்லும்படியாக இல்லை. பல்லைப் பிடுங்கி, பட்டினி போட்டு, தண்ணீர்கூடக் காட்டாமல் கொண்டுவந்தால் பாம்பு எதை வைத்தாலும் வாய்வைக்கும். அதைத்தான் பால் குடிப்பதாகப் பார்த்துப் பரவசப்பட்டிருக்கிறோம்.

ஆனால் இந்த வாதத்தின் பெரிய கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. நம்பிக்கைதான் காரணம், பிராணி காரியம் என்று அது எடுத்துக்கொள்கிறது. செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களை எடுத்துக்கொள்வோம். அவர்கள் தெய்வம் கன்னியம்மா, நாகத்தோடு சம்பந்தப்பட்டவள். அவளைக் கும்பிட்ட கைகள்தான் தோல் வியாபாரிகளுக்காகத் தலைமுறைக் கணக்கில் பாம்பு பிடித்தன. அந்தத் தோல் செருப்பாகவும் கைப்பையாகவும் மேல்நாடுகளுக்குப் போயிற்று. 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976ல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. வளையின் வாயைப் பார்த்து உள்ளே இருப்பது எது என்று சொல்லக்கூடிய ஒரு ஜனக்கூட்டத்தின் அறிவு முழுதும் ஒரே நாளில் குற்றமாயிற்று. 1978ல் ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உயிரோடு பிடித்து, சில வாரம் பானையில் வைத்து விஷம் எடுத்து, வயிற்றுச் செதிளில் அடையாளம் வெட்டி, மறுபடி காட்டில் விடுகிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி பல வருஷங்களாக அவர்கள் கையிலிருந்து வந்தது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவர் மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்காவின் ஃபுளோரிடா வரை போய்வந்தார்கள்; 2023ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இதில் எது மாறியது? பாம்பைப் பற்றிய அறிவு மாறவில்லை. கொன்றபோதும் அதே அறிவு, காத்தபோதும் அதே அறிவு. தெய்வமும் மாறவில்லை. சட்டம் மாறிற்று, விலை மாறிற்று. செத்த பாம்பைவிட உயிருள்ள பாம்புக்குக் கூலி கிடைக்கும் ஏற்பாடு ஒன்று வந்தது. கிராமத்தான் தலைக்குள் இருக்கும் நம்பிக்கைதான் வனவிலங்குகளின் எதிரி என்ற பேச்சு படித்தவர்களுக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று இதிலிருந்து புரிகிறது. தோல் எங்கே போயிற்று என்று அது கேட்பதில்லை. ஏலத்தோட்டத்தில் எத்தனை தரம் பூச்சிமருந்து அடிக்கிறார்கள் என்றும் கேட்பதில்லை. "முந்தி ஓடைப் பக்கம் போனா தவளச் சத்தம் காதடைக்கும். இப்ப ஒண்ணுமில்ல" என்று அம்மா சொல்வாள். தவளை இல்லாத இடத்தில் பாம்புக்கு என்ன வேலை? அந்தப் பாம்புகளை எந்த ஐதீகமும் கொல்லவில்லை.

நம் கையும் சுத்தமில்லை. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கச்சேரி மேடைக்கு உயர்த்திய கஞ்சிராவின் முகம் உடும்புத் தோல். அந்த நாதத்தின் குழைவைப் பற்றி நம்மில் சிலர் அழகாகவே பேசக் கேட்டிருக்கிறேன். உடும்பு சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறிய பிறகு, ஆட்டுத் தோலிலும் செயற்கைத் தோலிலும் பழைய சுகம் இல்லை என்று வருத்தப்படவும் கேட்டிருக்கிறேன். உடும்புக் கறி தின்றால் இடுப்புக்குப் பலம் என்று நம்புகிறவனை விட இந்த வருத்தம் எந்த விதத்தில் உயர்ந்தது?

4

இதுவரை எழுதியதைப் பார்த்தால் நான் ஏதோ தெளிவான இடத்தில் நின்று பேசுவதாகத் தோன்றும். அப்படியில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் கிளையின் ரிக்கார்டு அறையில், கட்டி வைத்த பழைய லெட்ஜர்களுக்கு இடையில், ஒரு பாம்பு வந்துவிட்டது. கருத்த பழுப்பு உடம்பு, குறுக்கே வெள்ளைப் பட்டைகள். நான் அந்தக் காலத்தில் பாம்புகளைப் பற்றிய புத்தகங்களை விடாமல் படித்துக்கொண்டிருந்தேன். கட்டுவிரியன் இரவில்தான் வரும். தரையில் படுத்திருப்பவனைக் கடிக்கும். கடி வலிக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாது. விடிவதற்குள் இமை சரிந்து, மூச்சு நின்றுவிடும். இவ்வளவும் எனக்குத் தெரியும். அந்த அறை வாசலில்தான் காவலாளி பாய் விரித்துப் படுப்பார். "கட்டுவிரியன்" என்று கத்தினேன். ஷட்டர் இழுக்கும் கொக்கிக் கம்பியால் அவர் இரண்டு அடி போட்டார். முடிந்தது.

கூட்டிப் பெருக்க வந்த அக்கா, செத்ததை முறத்தில் அள்ளும்போது பார்த்துவிட்டுச் சொன்னார்: "கட்டுவிரியன்னா வாலு வரைக்கும் கோடு இருக்கும் சார். இதப் பாருங்க, கழுத்துக்கிட்டத்தான் பட்டை, வாலுப் பக்கம் ஒண்ணுமில்ல. இது செவத்துல பல்லி திங்க வர்றது. அது பாட்டுக்குப் போயிருக்கும்."

வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் புரட்டினேன். ஓநாய்ப் பாம்பு, விஷமில்லாதது, கட்டுவிரியன் என்று தவறாக எண்ணிக் கொல்லப்படுவது என்று அதே புத்தகத்தில், நான் படித்துக் கோடு போட்ட அதே அத்தியாயத்துக்கு நாலு பக்கம் தள்ளி இருந்தது.

டி. எச். லாரன்ஸின் 'பாம்பு' கவிதையை வகுப்பில் படித்தவர்கள் இருப்பீர்கள். சிசிலியில், வெயில் நாளில், வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு பாம்பு குடிக்க வருகிறது. மனிதன் தன் முறைக்குக் காத்திருக்கிறான். அவனுக்கு அது பிடித்திருக்கிறது. அதைக் கொல்லச் சொல்வது அவன் பெற்ற கல்வி. இந்த நிறப் பாம்புக்கு விஷம் என்று கற்பித்திருக்கிறது. கடைசியில் அது திரும்பிப் போகும்போது ஒரு கட்டையைத் தூக்கி எறிந்து, பிறகு தன் அற்பத்தனத்துக்காகக் கூசுகிறான். மூடநம்பிக்கை கொல்கிறது, கல்வி காக்கிறது என்ற நம் ஒப்பந்தத்துக்கு எதிராக இருபதுகளிலேயே ஓர் ஆங்கிலக் கவிதை சாட்சி சொல்லியிருப்பதை, ரிக்கார்டு அறைச் சம்பவத்துக்குப் பிறகுதான் கவனித்தேன்.

ஆனால் லாரன்ஸிடமும் எனக்கு ஒரு புகார் உண்டு. அவர் அந்தப் பாம்பை நாடுகடத்தப்பட்ட ராஜாவாக்கிவிடுகிறார். கோல்ரிட்ஜின் கிழ மாலுமி கடல் பாம்புகளின் அழகைக் கண்டு தன்னையறியாமல் அவற்றை ஆசீர்வதிக்கிறான்; உடனே அவன் கழுத்தில் தொங்கிய பறவை கழன்று விழுகிறது. மகத்தான இடம்தான். ஆனால் அங்கும் பாம்பு மனிதனின் விமோசனத்துக்குப் பயன்பட்டுவிட்டுப் போகிறது. ராஜா, தெய்வம், யமன், குஷ்டம், கோடி ரூபாய் எல்லாம் ஒரே தவறின் பல வடிவங்கள். ஏதோ ஒன்றைச் சொல்ல நமக்காக அது வந்திருக்கிறது என்பதே அந்தத் தவறு. காக்கிற நம்பிக்கையும் கொல்கிற நம்பிக்கையும் இதில் பங்காளிகள். அதனால்தான் ஒன்று இன்னொன்றாக இவ்வளவு சுலபமாக மாறிவிடுகிறது, ஆமை பித்தளையானதுபோல.

அந்த அக்கா பாம்பை ராஜாவாக்கவில்லை. வால்வரை பார்த்திருக்கிறார். பல்லி தின்ன வந்தது என்றார். எனக்குத் தெரிந்த அறவியல் நூல்கள் எதிலும் இல்லாத ஒரு வாக்கியம் அது. அது தன் சாப்பாட்டுக்கு வந்தது. நம் கதையில் அதற்கு வேஷமில்லை. ஒரு பிராணிக்கு நாம் செலுத்த வேண்டிய மரியாதை இந்த ஒப்புதலில் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

5

இங்கே நிறுத்தினால் கட்டுரை அழகாக முடியும். ஆனால் பொய்யாக முடியும்.

ஏலச்செடியில் காய் மேலே காய்ப்பதில்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரத்தில் காய்க்கிறது. காய் எடுக்கிறவள் குத்தவைத்து, இலைச்சருகை விலக்கி, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இடத்தில் கையை விட வேண்டும். பழுத்தது எது, பிஞ்சு எது என்று விரல் நுனிதான் சொல்லும். கனத்த கையுறை போட்டால் சொல்லாது. அந்தச் சருகில், அந்த ஈரத்தில்தான் குழிவிரியன்கள் இருக்கின்றன. மலபார்க் குழிவிரியன் பச்சை, மஞ்சள், பழுப்பு என்று பல நிறத்தில், ஒரே இடத்தில் மணிக்கணக்காக அசையாமல் இருக்கும். மூக்கு நுனி தூக்கிய சின்னக் குழிவிரியன் ஒன்று உண்டு. சருகோடு சருகாகக் கிடக்கும். அதன் கடியால் சிறுநீரகம் பழுதானவர்கள் உண்டு. இருளர்கள் எடுக்கும் விஷம் சமவெளியின் நாலு பாம்புகளுடையது. அதிலிருந்து வரும் மருந்து இந்த மலைப் பாம்புகளின் விஷத்தை முறிக்காது.

2020ல் வெளிவந்த ஓர் ஆய்வு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று கணக்கிட்டது. வருஷத்துக்குச் சராசரி 58,000. அநேகமாக எல்லோரும் கிராமத்து ஜனங்கள். உலக சுகாதார நிறுவனம் 2017ல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் முக்கிய இடத்தில் சேர்த்தது. புறக்கணித்தது யார் என்று பட்டியலில் இல்லை.

சுவர் ஏறிய பல்லியைத் தவிர ஊர்வன எதுவும் அணுகாத மூன்றாம் மாடியில் உட்கார்ந்துகொண்டு, குழிவிரியனுக்கும் வாழ உரிமை உண்டு என்று மலையேறுகிறவளுக்குச் சொல்ல எனக்கு என்ன யோக்யதை? சகிப்புத்தன்மைக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை எப்போதும் ஒரே தரப்பு கட்டுகிறது. ரசீது வேறொரு தரப்பின் பெயரில் எழுதப்படுகிறது. வங்கியில் இதற்கு மோசடி என்று பெயர். இன்ஷூரன்ஸ் இல்லாதவர்களின் இன்ஷூரன்ஸ்தான் நம்பிக்கை. தோட்டத்தில் முழங்கால்வரை பூட்ஸும், மலையடிவாரத்தில் அந்தந்தப் பாம்புக்கு ஏற்ற மருந்தும், ஏறிப்போக வண்டியும் இருக்கிற இடத்தில் மட்டும்தான் 'அடிக்காதே' என்று சொல்வது அறம். இல்லாத இடத்தில் அது அதிகாரம், அதிகாரத்தில்கூட மலிவானது. 2024ல் தமிழ்நாட்டில் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோயாக அறிவித்திருக்கிறார்கள். கணக்கெடுப்பது ஒரு தொடக்கம். கணக்குப் பிள்ளையாகிய எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனால் கணக்கு முறிமருந்தாகாது.

அப்படியானால் பாம்பின் உரிமை, மனிதனுக்கு வசதி வந்த பிறகு கொடுக்கப்படுகிற சலுகைதானா என்று கேட்கலாம். இல்லை. உரிமை முன்பே இருக்கிறது. நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இருக்கிறது. கட்டாத கடனும் கடன்தான். அதை யாரிடம் வசூலிப்பது என்பதுதான் கேள்வி. இருப்பவனை விட்டுவிட்டு இல்லாதவள் வாசலில் போய் நிற்கிற அமீனாவாக வனப்பாதுகாப்பு இருக்கக்கூடாது.

போன மழைக்காலத்தில் ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன், ஏன் பாம்பைக் கயிறென்று சொல்கிறாய் என்று. பேர் சொன்னால் அது வந்துவிடும் என்பதுபோல் ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் யோசித்தாள்.

"பாம்புன்னா அம்புட்டுப் பேரும் சரிவுல ஓடுவாளுக தம்பி. விழுந்து கைய கால ஒடிச்சுக்குவாளுக. பெறகு மேஸ்திரி கம்பத் தூக்கிட்டு வருவாரு. கயிறுன்னு சொன்னா வெளங்கிரும். ஆளுக்கு ரெண்டு எட்டு தள்ளி வெலகிக்கிருவோம். அதுவும் போயிரும்."

"அப்ப பேரைச் சொன்னா வரும்ங்கறது?"

"அதுவுந்தான்" என்றாள்.

இருபது வருஷமாக நான் மூடநம்பிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தது, ஒரு மலைச்சரிவில் பத்துப் பெண்களுக்கும் ஒரு பாம்புக்கும் இடையில் யாருக்கும் சேதமில்லாமல் செய்துகொண்ட ஏற்பாடு. அதில் பயமும் இருந்தது. இருக்கத்தான் வேண்டும். அந்த 'அதுவுந்தான்' என்பதை நான் பிரித்தெடுக்கப் போவதில்லை, அவளே பிரிக்கவில்லை.

அவள் கையில் எத்தனையோ வருஷம் ஒரு கடியும் படவில்லை. அதை அவள் தெய்வத்தின் கணக்கில் எழுதுகிறாள். நான் தற்செயல் என்கிறேன். கூடவே ஜீப்பில் போன இன்னொருத்தியின் வலதுகைச் சுட்டுவிரல் இன்றைக்கும் மடங்காது. அவளுக்கும் தெய்வம் உண்டு. அவளும் கயிறென்றுதான் சொன்னாள்.